கண்மாய் மீன்: அன்றும் இன்றும்

பழைய கல்வெட்டுகளில் மதுரைக்கு ஒரு விலாசம் உண்டு: ‘மாடக்குளக்கீழ் மதுரை.’ இத்தனை பெரிய நகரத்துக்கு அடையாளம் சொல்ல ஒரு கண்மாயைத்தான் எடுத்திருக்கிறார்கள். பாண்டியர் கொடியில் மீன். ஊரை ஆளும் அம்மன் பெயரிலும் மீன். பொற்றாமரைக் குளத்தில் மட்டும் மீன் கிடையாது என்பது ஐதீகம். நாரைக்கு முத்தி கொடுத்த திருவிளையாடல் அதற்குக் காரணம் சொல்கிறது. அந்த ஒரு குளத்தை விட்டால், மதுரையைச் சுற்றி மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி வரை நீர் நின்ற இடமெல்லாம் மீன் இருந்தது.

அந்த மீனை யார் பிடிக்கலாம், எப்போது பிடிக்கலாம், அதில் வரும் காசு எங்கே போகவேண்டும் என்பதற்கு ஊருக்கு ஊர் ஒரு கட்டுப்பாடு இருந்தது. இன்றைக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளி, குத்தகை நிபந்தனை, அரசாணை என்று முன்னைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் நடுவில் ஒன்று அறுந்துபோய்விட்டது. மீனில் வந்த காசு கண்மாய்க்கே திரும்பி வரும் வழி அது. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே வரியில் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

தண்ணீரோடு வந்த மீன்

அந்தக் காலத்தில் கண்மாயில் யாரும் மீன் விட்டதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வரத்துக்கால் வழியாகப் புதுவெள்ளம் வரும். மீனும் கூடவே வரும். 1895-ல் பெரியாறு அணை கட்டி முடிந்து மேலூர்ப் பக்கம் கால்வாய்த் தண்ணீர் பாய்ந்த பிறகு அந்த வழியும் சேர்ந்துகொண்டது. கலுங்கு மறுகால் போகும் நாளில், விழுகிற தண்ணீரை எதிர்த்துத் துள்ளி ஏறும் மீனுக்கு ஏத்துமீன் என்று பெயர். சினையோடு ஏறி வருகிற மீன் அது. மேலே உள்ள கண்மாயில், வயலில், வாய்க்காலில் முட்டையிட்டு இனம் பெருக்கும். ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாயின் வரத்து என்று சங்கிலியாக அமைந்திருந்ததால், தண்ணீர் போன வழியெல்லாம் மீனுக்கும் வழி.

கோடையில் கண்மாய் வற்றிவிட்டால் மீன் செத்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். விரால், குறவை, கெளுத்தி ஆகியவை தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடித்து உயிர் பிழைக்கக்கூடியவை. கடைசிச் சேறு இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும். விராலுக்கு இன்னொரு குணமும் உண்டு. செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்துக்கு வந்து வந்து போகும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். குஞ்சோடு திரிகிற விராலைக் குத்தக் கூடாது என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். அதற்கு எழுதிவைத்த சட்டம் எதுவும் கிடையாது.

மணல் பாங்கான இடத்தில் விரல் நீளத்துக்கு அயிரை. நீர்ச்செடி ஓரத்தில் கெண்டை. கடலில் பிறந்து ஆற்றில் ஏறி வந்து வளரும் விலாங்கு. இவை எல்லாவற்றுக்கும் மேலே கரையில் உட்கார்ந்திருக்கும் பையன்கள். மூங்கில் குச்சி, நரம்பு, முள், மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, கொட்டாங்கச்சியில் மண்ணோடு நாக்குப்பூச்சி. இவ்வளவுதான் சாமான். தூண்டில் போடுகிறவனை அந்தக் காலத்தில் யாரும் ‘யாரைக் கேட்டுப் பிடிக்கிறே?’ என்று கேட்டதில்லை. வலைக்குத்தான் கட்டுப்பாடு.

பாசிப்பாட்டமும் மந்தை ஏலமும்

கண்மாய் மீனுக்குக் குத்தகை வைப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் அல்ல. பாசிப்பாட்டம், மீன்பாட்டம் என்று நீர்நிலை மீனுக்கு விதித்த வரிகள் சோழ, பாண்டியர் காலக் கல்வெட்டுகளிலேயே வருகின்றன. அந்த வருமானத்தை ஏரியைக் குழிவெட்டித் தூர் எடுக்கவும் கரையை உயர்த்தவும் ஒதுக்கிய செய்தியும் கல்வெட்டுகளில் உண்டு. மீன் தந்த வருமானம் மீன் வாழும் இடத்தைப் பராமரிக்கப் போயிற்று. நம்முடைய நீர்நிர்வாகத்தின் மூளை அந்த ஓர் ஏற்பாட்டில் இருக்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சியில் மீன்பிடி உரிமை வருவாய்த் துறை கணக்கில் ஏறியது. ‘மீன்பாசி குத்தகை’ என்று இன்றும் ஆவணங்களில் எழுதுகிறார்கள். ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும் பசலி ஆண்டுக் கணக்கு அது. கண்மாய் பெருகி, வற்றி, வெடிக்கும் சுழற்சிக்கு இந்தக் கணக்கு பொருத்தமாகவும் இருந்தது. பல ஊர்களில் அரசுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு உரிமையை ஊரே வைத்துக்கொண்டது. மந்தையில் ஊர் கூடி ஏலம் விடும். வருகிற பணத்தில் கோயில் திருவிழா, மடைக்குப் பலகை, கலுங்கு பூச்சு, நீர்பாய்ச்சிக்குக் கூலி. தண்ணீரை மடையில் அளந்து விட்ட அதே ஊர்க்கூட்டம்தான் மீனையும் கவனித்தது. உரிமையும் பொறுப்பும் ஒரே கையில் இருந்தன.

குறையே இல்லாத காலம் என்று அதை நான் சொல்லமாட்டேன். ஊர் என்றால் எல்லோரும் அல்ல. மந்தை ஏலத்தில் கேட்கும் உரிமை சிலருக்குத்தான் இருந்தது. சேரிக்காரர்கள் கரையில் ஒதுங்கி நின்ற ஊர்கள் உண்டு. அந்த அநியாயத்தைத் திரும்பக் கொண்டுவர யாரும் ஆசைப்படக் கூடாது. பராமரிப்புக்கும் பலனுக்கும் இடையே இருந்த முடிச்சைத்தான் நாம் திரும்பக் கட்டவேண்டும்.

வெள்ளை வீசும் காலை

இந்த ஏற்பாட்டின் உச்சம் மீன்பிடித் திருவிழா. அழிகண்மாய் என்றும் சொல்வார்கள். மேலூர், கொட்டாம்பட்டி, அதை ஒட்டிய சிங்கம்புணரி, நத்தம் பக்கங்களில் இன்றும் கோடை தோறும் நடக்கிறது. கண்மாயில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் நாள் குறிப்பார்கள். சுற்றுவட்டாரத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள்; இப்போது வாட்ஸப்பில் போகிறது.

விடிவதற்கு முன்பே நாலா பக்கமும் கரையில் ஆள் நிற்கும். ஊத்தா, கச்சா, தூரி, பரி, கூடை என்று ஆளுக்கொரு மீன்பிடிச் சாமான். எதுவும் இல்லாதவர் கொசுவலையை எடுத்து வந்திருப்பார். கோயிலில் சாமி கும்பிட்டு வந்த பெரியவர் கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வீசியதும் ஒரே பாய்ச்சல். ஊத்தாவை மேலிருந்து சேற்றில் பதியக் குத்தி, உள்ளே மீன் முட்டுகிற அதிர்வைக் கையில் உணர்ந்து, மேல்வாய் வழியாகக் கைவிட்டுத் துழாவிப் பிடிக்கவேண்டும். விரால் என்றால் வழுக்கும். கெளுத்தி என்றால் முள் குத்தும். அரைமணி நேரத்தில் தண்ணீர் முழுக்கச் சேறாகி, மீன்கள் மூச்சுக்கு மேலே வர ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு வெறுங்கையே போதும்.

அன்று பிடிக்கிற மீனை விற்கக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கவேண்டும், கிடைக்காதவருக்குக் கொடுக்கவேண்டும். இப்படிச் செய்தால் அடுத்த வருஷம் மழை பெய்து கண்மாய் பெருகும் என்ற நம்பிக்கை. சாதி, ஊர், உறவு பார்க்காமல் எல்லோரும் ஒரே சேற்றில் இறங்குவதுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம். மந்தை ஏலம் தராத சமத்துவத்தை அழிகண்மாய் ஒரு காலைப் பொழுதுக்காவது தந்தது.

சட்டம் வந்த கதை

இந்திய நன்னீர் மீனைப் பற்றிப் பெரிய அளவில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் சென்னை ராணுவத்தின் மருத்துவர் பிரான்சிஸ் டே. 1873-ல் அவர் கொடுத்த அறிக்கை, பொடிக்கண் வலையாலும் வாய்க்காலில் வைக்கும் பொறிகளாலும் மீன் குஞ்சுகள் அழிவதையும், அணைக்கட்டுகள் மீன் ஏறும் வழியை அடைப்பதையும் எடுத்துச் சொன்னது. 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. நீரில் வெடி போடுவதும் நஞ்சு கலப்பதும் குற்றம். 2 மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம் என்று அன்றைக்கு விதித்தது. வலைக்கண் அளவு, பொறி, குறிப்பிட்ட நீரில் 2 ஆண்டு வரை மீன்பிடிக்கத் தடை ஆகியவற்றுக்கு விதி செய்யும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்தது. 1907-ல் பிரெடெரிக் நிக்கல்சன் தலைமையில் சென்னை மாகாண மீன்வள அலுவலகம் உருவானது.

ஆனால் வெள்ளைக்காரர்கள் தாங்கள் தூண்டில் போட்ட இடத்துக்கு அதற்கு முன்பே தனிச் சட்டம் செய்துகொண்டார்கள். நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்க 1879-லேயே ஒரு சட்டம் உண்டு. மலையில் விளையாட்டுக்குப் பிடிக்கும் மீனுக்கு அளவும் காலமும் பார்த்தார்கள். சமவெளியில் ஊர் சாப்பிடுகிற மீன் வருவாய்க் கணக்கில் ஒரு வரியாக நின்றது. அந்தப் பார்வை சுதந்திரத்துக்குப் பிறகும் மாறவில்லை என்பதுதான் வருத்தம்.

புது மீன் வந்தது

1950களில் மூன்று காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன. 1952-ல் ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட திலாப்பியா இந்தியாவுக்குள் வந்தது. நம் ஊர் அதற்கு ஜிலேபி என்று பெயர் வைத்தது. முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள் வைத்துக் காக்கும். வருஷத்துக்குப் பலமுறை இனம் பெருக்கும். எங்கே போனாலும் நாட்டு மீனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 1957 ஜூலை 10-ல் ஒடிசாவின் அங்குல் என்ற இடத்தில் ஹீராலால் சௌத்ரி, கெண்டை இனத்துக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்துக் காட்டினார். அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். கங்கைச் சமவெளியின் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் எந்த ஊர்க் கண்மாய்க்கும் பையில் அடைத்துப் போகலாம் என்று ஆனது இதனால்தான். 1959-ல் அன்றைய மதுரை மாவட்டத்தில் இருந்த ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை திறந்தது. மீன்வளத் துறையின் கைக்கு ஒரு பெரிய நீர்ப்பரப்பு கிடைத்தது. உள்நாட்டு மீனவர் என்ற தொழில் அணைக்கரை ஊர்களில் வேர்விட்டது.

இதில் நன்மை நிறைய. கட்லாவும் ரோகும் வந்ததால்தான் ஏழை வீட்டில் வாரம் ஒருநாள் மீன் குழம்பு கொதித்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து கண்மாய் என்பது மீன் பிறக்கும் இடம் என்ற நிலை மாறி, மீன் வளர்க்கும் தொட்டி என்று ஆக ஆரம்பித்தது.

இன்றைய கரை

இன்று பெரிய கண்மாய்கள் நீர்வளத் துறையிடம். சிறியவை ஊராட்சி ஒன்றியம், ஊராட்சிகளிடம். மீன்பிடி உரிமை ஒப்பந்தப்புள்ளி மூலம் குத்தகைக்குப் போகிறது. கூடுதல் தொகை கேட்டவருக்கு உரிமை. வெளியூர்க்காரரும் எடுக்கலாம். காகிதத்தில் பார்த்தால் மந்தை ஏலத்தைவிட இது நியாயமானது, யாரும் கேட்கலாம். ஆனால் குத்தகைத் தொகை போகும் இடம் அரசுக் கணக்கு. அது அந்தக் கண்மாயின் மடைக்கோ கரைக்கோ திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

போட்ட பணத்தைக் குத்தகை முடிவதற்குள் எடுக்கவேண்டும் என்ற அவசரத்தில் குத்தகைதாரர் என்ன செய்வார்? குஞ்சு விடுவதற்கு முன் விராலையும் கெளுத்தியையும் ஒழிப்பார். அவை குஞ்சைத் தின்றுவிடும். சீக்கிரம் எடை ஏறவேண்டும் என்று கோழிக்கழிவைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது. அதில்தான் ஆட்கள் குளிக்கிறார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கக் கூடாது என்று மத்திய அரசு கால் நூற்றாண்டுக்கு முன்பே தடை போட்டும் தமிழகத்தில் திருட்டுத்தனமாக வளர்ப்பது நிற்கவில்லை. கோடையில் மீனை வாரிக்கொள்ள மடையைத் திறந்து தண்ணீரை வெளியேற்றும்போது விவசாயிக்கும் குத்தகைதாரருக்கும் கைகலப்பு வரை போகிறது. வழக்குகள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வருகின்றன. அந்த நீதிமன்றமே 2004-ல் உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் எழுந்ததுதான்.

நகருக்குள் நிலைமை இன்னும் மோசம். தல்லாகுளம் பெயரில் மட்டும் குளம். செல்லூர்க் கண்மாய் சுருங்கிப்போயிற்று. மிஞ்சியிருக்கும் வண்டியூர்க் கண்மாயில் சாக்கடை கலக்கிறது, ஆகாயத்தாமரை படர்கிறது. சாக்கடை அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை உறிஞ்சிவிடும். இரவெல்லாம் குறைந்துகொண்டே வந்து விடியற்காலையில் அடிமட்டத்துக்குப் போகும். அதனால்தான் மீன்கள் விடியும்போது கூட்டமாகச் செத்து மிதக்கின்றன. முதலில் சாவது கெண்டை. காற்றைக் குடிக்கத் தெரிந்த கெளுத்தி கடைசிவரை நிற்கும்.

கரையில் தூண்டிலோடு உட்காரும் பையனை இன்று குத்தகைதாரரின் காவல்காரர் விரட்டுகிறார். வைகை அணையில், பிடிபட்ட மீனில் தங்களுக்கு ஒரு பங்கு என்று காலங்காலமாக வாழ்ந்த மீனவர்கள், உரிமை தனியார் குத்தகைக்குப் போனபோது தெருவில் இறங்கிப் போராடவேண்டி வந்தது.

நெல்பேட்டையிலும் கரிமேட்டிலும் மீன் கடைக்குப் போனால் இந்தக் கதை விலைப்பட்டியலாகவே தெரியும். ஐஸ் பெட்டியில் ஆந்திராக் கட்லா, ரோகு. அதற்குப் பக்கத்தில் ஜிலேபி, மலிவாக. ஓரத்தில் அகலப் பாத்திரத்தில் தண்ணீரோடு உயிராக நெளியும் அயிரை, கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி. ஒரு காலத்தில் வாய்க்காலில் துண்டை விரித்து அள்ளிய மீன் அது. வயிற்றில் உள்ள மண்ணைக் கக்கவைக்கத் தேங்காய்ப்பாலில் கொஞ்ச நேரம் நீந்தவிட்டு, கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவி, புளிக்குழம்பு கொதித்த பிறகு முழுசாகப் போடுவார்கள். இன்று அந்தக் குழம்பைச் சாப்பிட மதுரைக்காரனே மெஸ்ஸில் விலை கேட்டுவிட்டு யோசிக்கிறான். மணல் போன ஆற்றிலும் மருந்து தெளித்த வயலிலும் அயிரைக்கு இடம் இல்லை.

காசு திரும்பும் வழி

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களான மினசோட்டா, ஒஹாயோ போன்றவற்றில் 16 வயது ஆனவர் ஏரியில் தூண்டில் போட உரிமம் வாங்கவேண்டும். எந்த மீனை, ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கலாம் என்று புத்தகமே போடுகிறார்கள். நமக்கு அந்த உரிமம் தேவையில்லை. தூண்டில் போடும் பையனிடம் சீட்டுக் கேட்பதை நான் ஏற்கமாட்டேன். அங்கே கற்கவேண்டியது வேறு. 1950-ல் வந்த டிங்கல்–ஜான்சன் சட்டப்படி தூண்டில் சாமான் மீது வசூலிக்கும் வரி, மீன்வளத்தைப் பெருக்க மாநிலங்களுக்குப் போகிறது. அந்த நிதி வேண்டுமென்றால், உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பமாட்டோம் என்று மாநிலம் சட்டம் செய்யவேண்டும். நம் கல்வெட்டுகள் சொன்ன ஏற்பாடுதான் இது.

நம்மிடமும் இந்த வழி முழுக்கத் தூர்ந்துவிடவில்லை. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 1990களிலிருந்து வயலகம் என்ற பெயரில் கண்மாய்ப் பாசன விவசாயிகளைச் சங்கமாகத் திரட்டி வருகிறது. மீனில் வரும் வருமானத்தைக் கண்மாய்ப் பராமரிப்புக்கு வைக்கும் எண்ணம் அங்கே உயிரோடு இருக்கிறது. அழிகண்மாய் நடத்தும் சில ஊர்கள் வெளியாளிடம் ஊத்தாவுக்கு இவ்வளவு என்று டோக்கன் போட்டு வாங்கிய பணத்தை ஊர்ப் பொதுவில் சேர்க்கின்றன. அந்த டோக்கனும் ஓர் உரிமம்தான்; காசு எங்கே போகிறது என்று ஊருக்கே தெரிந்த உரிமம்.

செய்யவேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. குத்தகைத் தொகையில் ஒரு பங்கை அந்தந்தக் கண்மாயின் மடைக்கும் கலுங்குக்கும் என்று சட்டப்படி ஒதுக்கவேண்டும். பாசன விவசாயிகள் சங்கத்துக்கும் உள்நாட்டு மீனவர் கூட்டுறவுக்கும் குத்தகையில் முன்னுரிமை வேண்டும். அந்தச் சங்கங்களில் எல்லாச் சாதிக்காரர்களும் பெண்களும் இருக்கவேண்டும். மாட்டுக்கும் மீனுக்கும் இவ்வளவு தண்ணீர் நிற்கவேண்டும் என்று மடையில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே இறக்கினால் குத்தகை ரத்து என்று எழுதவேண்டும். கோழிக்கழிவுக்கும் அதே தண்டனை. ஒன்றியத்துக்கு ஒரு கண்மாயையாவது குத்தகைக்கு விடாமல் விராலுக்கும் கெளுத்திக்கும் அயிரைக்கும் விட்டுவைக்கவேண்டும். தூண்டில் எல்லோருக்கும் இலவசம் என்பதைக் குத்தகைப் பத்திரத்திலேயே சேர்க்கவேண்டும்.

இதற்குக் கோட்டைக்குப் போகவேண்டியதில்லை. கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். மே 1 கண்மாய் வற்றி மீன் பிடிக்கும் காலம். இந்த இரண்டு நாளில் ஒன்றிலாவது உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். நம்ம கண்மாய் மீன் எவ்வளவுக்குக் குத்தகை போனது, அதில் எவ்வளவு கண்மாய்க்குச் செலவானது என்று எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.